பனிக்குள்ளே பங்குனி வெயில்! பசுமைக்குடில் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பார்சலைப் பிரித்ததும் பொருளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கையில் எடுப்போமே, விரலால் அழுத்தினால் 'டப் டப்' என்று வெடிக்கும் குமிழ் பிளாஸ்டிக்! அது பார்சலுக்காகப் பிறந்ததே இல்லை, தெரியுமா? 1957-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரெட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் புறப்பட்டு, இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே காற்றைச் சிறைபிடித்துவிட்டார்கள். சுவருக்கு யாரும் வாங்கவில்லை. சரி, செடி வளர்க்கும் பசுமைக்குடிலுக்குக் குளிர்தாங்கியாக விற்றுப் பார்ப்போம் என்றார்கள். அதுவும் ஓடவில்லை! 1960 வாக்கில் ஐ.பி.எம். கணினிகளைச் சுற்றி அனுப்பப் பயன்பட்ட பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. வேடிக்கையைப் பாருங்கள்: இன்றைக்கு இலையுதிர்காலம் வந்தாலே இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதே குமிழ்த் தாளைச் சுருள் சுருளாக வாங்கி, குடிலின் உட்புறம் முழுக்க கிளிப் போட்டு மாட்டுகிறார்கள். கண்டுபிடித்தவர்களால் விற்க முடியாத யோசனை, தோட்டக்காரர்கள் கையில் தானாகவே ஓடுகிறது!

நமக்கு வெயிலைத் தணிப்பதுதான் கவலை. ஆனால் லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர்களிடம் ஒரு தொட்டிக் கறிவேப்பிலையைக் குளிர்காலம் தாண்டவைப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியாது. அங்கே குடில் வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, தை மாத இரவில் அதைச் சூடாக வைத்திருப்பது. அந்த இரண்டாம் பாதிக்காக மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

கண்ணாடி சூட்டைப் பிடிக்கிறதா, காற்றைப் பிடிக்கிறதா?

பள்ளிக்கூடத்தில் என்ன படித்தோம்? வெளிச்சம் உள்ளே போகும், வெப்பக் கதிர் வெளியே வர முடியாமல் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்ளும் என்றுதானே? 1909-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு சின்னப் பெட்டிகள் செய்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு, வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விட்டுவிடும் பாறை உப்புத் தகடு. வெயிலில் வைத்தார். இரண்டுமே 55 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறின. வித்தியாசம் 1 டிகிரிகூட இல்லை! குடில் சூடாவதற்கு முதல் காரணம், சூடேறிய காற்று மேலெழும்பி ஓடிப்போகாமல் கூரை தடுத்து நிறுத்துவதுதான். (பூமி சூடாவது வேறு கணக்கு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதிலிருந்து வாங்கப் போகிறவருக்கு ஒரு பாடம். கடையில் குடிலைப் பார்த்தால் அழகைப் பிறகு பாருங்கள், முதலில் கதவைச் சாத்திப் பாருங்கள். விளிம்பில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், உள்ளே எத்தனை ஹீட்டர் வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதைதான்.

சக்கரம் வைத்த தோட்டம்

ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு ஒரு விசித்திரப் பிடிவாதம் இருந்தது. வருடத்தில் எல்லா நாளும் தட்டில் வெள்ளரி இருக்க வேண்டும்! கி.பி. முதல் நூற்றாண்டில், குளிர்காலத்திலும்! தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாத்திகளையே சக்கரத்தின் மேல் ஏற்றினார்கள். வெயில் வந்தால் வெளியே தள்ளுவார்கள், குளிர் வந்தால் உள்ளே இழுத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய கல் தகடுகளின் கீழே வைப்பார்கள். ரோம எழுத்தாளர் மூத்த பிளினி இதை எழுதிவைத்திருக்கிறார். பேரரசர் சாப்பிட்டது நாம் நினைக்கும் வெள்ளரியே அல்ல, நீண்டு வளைந்த ஒரு முலாம்பழ வகை என்று தாவரவியல் வரலாற்றாளர்கள் இப்போது சொல்கிறார்கள். எதுவானால் என்ன, வண்டி தள்ளியவர் பாடு ஒன்றுதான்.

அதைவிட அசத்தல் கொரியாவில் நடந்தது. 1450-களில் அரச மருத்துவர் சன் சுன்-உய் எழுதிய சமையல், வேளாண்மை நூல் ஒன்றில், குளிர்காலத்தில் காய்கறி வளர்க்கும் அறைக்குச் செய்முறையே இருக்கிறது! சுற்றிலும் மண் சுவர். வெயில் படும் பக்கம் எண்ணெய் தடவிய காகிதம். தரைக்கு அடியில் அடுப்புப் புகை ஓடும் பாதை. கொரிய வீடுகளில் தரையைச் சூடாக்கும் அதே முறை. காற்று வறண்டுவிடக் கூடாது என்று கொப்பரையில் நீர் கொதிக்கவைத்து ஆவியையும் உள்ளே விட்டார்கள். சூடு, வெளிச்சம், ஈரப்பதம் மூன்றையும் ஒரே அறையில் கட்டுப்படுத்தியாயிற்று. கண்ணாடி ஒரு துண்டுகூட இல்லை! இந்த நூல் 2001 வரை உலகத்தின் கண்ணில் படாமலே கிடந்தது.

பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையிலோ நெருப்பே மூட்டவில்லை. 1684-க்கும் 1686-க்கும் இடையே கட்டிய ஆரஞ்சு மர மண்டபம் 150 மீட்டருக்கும் மேல் நீளம். தெற்கே பார்த்த உயர்ந்த சன்னல்கள், இரட்டைக் கண்ணாடி, மீட்டர் கணக்கில் தடித்த சுவர்கள். பகல் வெயிலைச் சுவர் குடித்துவைத்து இரவில் திருப்பித் தருவதால், குளிர்காலத்தில் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இன்றும் பெட்டிகளோடு உள்ளே போகின்றன, கோடையில் வெளியே வருகின்றன.

அன்னாசிப் பித்து

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் அன்னாசிப்பழம் வாடகைக்குக் கிடைத்தது, தெரியுமா? சாப்பிட அல்ல! விருந்து மேசை நடுவில் வைத்து விருந்தாளிகளை வாய்பிளக்க வைக்க. ஒரே பழம் அழுகுகிற வரை வீடு வீடாகப் போகும்.

காரணம், அந்தக் குளிரில் ஒரு அன்னாசியைப் பழுக்கவைக்க இரண்டு மூன்று வருடம் விடாமல் சூடு தர வேண்டும். எதை எரிப்பது? முதல் விடை, எதையும் எரிக்காமல் இருப்பது! தோல் பதனிடுகிறவர்கள் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட ஓக் மரப்பட்டைத் தூளைக் குழியில் கொட்டினார்கள். அது நொதிக்க நொதிக்க மாதக்கணக்கில் 25, 30 டிகிரி இளஞ்சூடு தந்துகொண்டே இருக்கும். தொட்டிகளை அதிலேயே புதைத்துவிட்டார்கள். இன்னொரு வழி குதிரைச் சாணம். கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டத்தில் சாணச் சூட்டில் அன்னாசி வளர்க்கும் பழைய குழி ஒன்றைத் தோண்டி எடுத்துச் சீர்செய்து, இன்றைக்கும் அதே முறையில் பழம் எடுக்கிறார்கள். புதுச் சாணக் குவியலின் உள்ளே 60 டிகிரிவரை ஏறும் என்பதால், கொஞ்ச நாள் ஆறவிட்டுத்தான் செடியை மேலே வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வேர் வெந்துவிடும்.

ஸ்காட்லாந்தில் டன்மோர் பிரபு போனது உச்சம். 1761-ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் அவருடைய தோட்ட மாளிகையின் கூரையே கல்லில் செதுக்கிய மாபெரும் அன்னாசிப்பழம்! அதன் சுவர்களுக்குள் சூடான காற்று ஓடப் பாதை உண்டு. புகைபோக்கிகளைப் பூச்சாடி வடிவத்தில் ஒளித்துவைத்தார்கள். இப்போது அங்கே பணம் கட்டி விடுமுறைக்குத் தங்கலாம்.

ஏழு மைல் குழாய்

நெருப்புக்கு ஒரு சாபம் உண்டு: புகை. குடிலுக்குள்ளேயே அடுப்பு வைத்தபோது குளிரில் பிழைத்த செடி புகையில் செத்தது. 1716 வாக்கில் நியூகாசிலில் இருந்த ஸ்வீடன்காரர் மார்ட்டன் ட்ரீவால்ட், நெருப்பை வெளியே நிறுத்திவிட்டு வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே ஓடவிட்டார். எவ்வளவு எளிய யோசனை! அது பரவ மட்டும் நூறு வருடம் பிடித்தது.

பரவியபோது சும்மா பரவவில்லை. டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கட்டிய பெருங்குடில் 277 அடி நீளம், 123 அடி அகலம். உள்ளே குதிரை வண்டியே ஓடலாம்! எட்டுக் கொதிகலன்கள், ஏழு மைல் வெந்நீர்க் குழாய். நிலக்கரி தரைக்கு அடியில் தனித் தண்டவாளத்தில் வரும்; விருந்தாளிகளின் கண்ணில் கரி படக் கூடாதாம். முதல் உலகப் போர் வந்தது. கரி இல்லை, ஆளும் இல்லை. அடுப்பு அணைந்ததும் வெப்பமண்டலச் செடிகள் மடிந்தன. 1920-ல் குடிலையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெடிவைத்தவர் யார் தெரியுமா? பாக்ஸ்டனின் பேரன்! தாத்தா கட்டியது முதல் வெடியில் விழவில்லை, பலமுறை வைக்க வேண்டியிருந்தது.

லண்டன் கியூ தோட்டத்தின் பனைமாளிகையிலும் (1848-ல் முடிந்தது) இதே கூச்சம்தான். கொதிகலன் புகையைச் சுரங்கவழியில் கொண்டுபோய், இத்தாலிய மணிக்கூண்டு வடிவில் கட்டிய கோபுரத்தின் வழியே விட்டார்கள். அந்த மாளிகைக்குள் 1775-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சைகாட் வகைச் செடி தொட்டியிலேயே இன்னும் உயிரோடிருக்கிறது. உலகத்திலேயே வயதான தொட்டிச்செடி அதுதான் என்கிறார்கள்!

சாதாரண ஆளுக்கு எப்போது குடில் கிடைத்தது? 1845-ல். அதுவரை பிரிட்டனில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி! அது நீங்கியதும் விலை சரிந்தது. பாக்ஸ்டனே 1858-ல், பிரித்துப் பூட்டக்கூடிய மலிவுக் குடிலுக்குக் காப்புரிமை எடுத்துப் பொதுமக்களுக்கு விற்றார். இன்று வீட்டுக்கு வந்து இறங்கும் அலுமினியச் சட்டம், பெட்டி நிறையத் திருகாணி, குழப்பமான வரைபடம் எல்லாவற்றுக்கும் அவரே மூதாதை.

எதை வாங்குவது?

இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காண்பது 6 அடிக்கு 8 அடி. அதற்கும் சிறிதாக வாங்கினால் சூடாக்கும் செலவு குறையும் என்று தோன்றும். குறையும்தான். ஆனால் காற்றின் அளவு குறைவதால் வெயிலில் சட்டென்று கொதிக்கும், இரவில் சட்டென்று குளிரும். என்னைக் கேட்டால், வீட்டுக்குத் தெற்குப் பார்த்த செங்கல் சுவர் இருந்தால் தனிக் குடிலே வேண்டாம். சுவரில் சாய்த்துக் கட்டும் சாய்ப்புக் குடில் போதும். ஒரு பக்கம் கண்ணாடி மிச்சம், அந்தப் பக்கத்துச் சுவர் இரவெல்லாம் சூடு தரும். பாரிஸை ஒட்டிய மோந்திரேயில் பீச் பழ விவசாயிகள் வெறும் சுவர்களை மட்டும் நம்பியே குளிர்நாட்டில் பழம் எடுத்தார்கள். அந்தச் சுவர்களைச் சேர்த்துவைத்தால் 600 கிலோமீட்டர்!

கண்ணாடியா, பாலிகார்பனேட்டா? குழந்தைகள் ஓடுகிற வீட்டுக்கு 3 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், கத்தியாகச் சிதறும். இறுக்கப்பட்ட 4 மில்லிமீட்டர் கண்ணாடி உடைந்தால் பொடிக்கற்களாகத்தான் விழும். நடுவே காற்றறை உள்ள 10 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பலகை, ஒற்றைக் கண்ணாடி இழக்கும் சூட்டில் பாதியைத்தான் இழக்கிறது, எடையும் இல்லை. எடையில்லாததே அதன் குறை, சூறைக்காற்றில் பலகை பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கும். கண்ணாடி வாங்க வழியில்லாத அமெரிக்கப் பேராசிரியர் எமெர்ட் 1948-ல் கென்டக்கியில் மரச்சட்டத்தின் மேல் செல்லோஃபேன் தாளைப் போர்த்திப் பார்த்தார். உலகத்தின் பிளாஸ்டிக் குடில்களெல்லாம் அந்தப் பற்றாக்குறையில் தொடங்கியவை!

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் குடிலை வைத்தால் உறைபனிக் குளத்தின் நடுவே வைத்ததாகிவிடும்.

கூரைச் சன்னலைத் தானாகத் திறக்கும் கருவிக்கு மின்சாரம், மோட்டார், பேட்டரி எதுவுமே வேண்டாம், தெரியுமா? ஒரு உலோகக் குழலுக்குள் மெழுகு அடைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும், சன்னல் திறக்கும். மாலையில் சுருங்கும், மூடும். அவ்வளவே! குளிர்நாட்டுக் குடில்களில் செடி குளிரில் சாவது போலவே வெயிலிலும் சாகும். தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும்.

சூடு எங்கே போகிறது?

இப்போது கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே பெருக்கல். 6-க்கு 8 அடிக் குடிலின் கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 வாட் சூட்டை வெளியே விடும். வெளியே மைனஸ் 5, உள்ளே 5 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 10. ஆக 1,200 வாட், இடைவெளிகளில் கசிவது தனி. அதனால்தான் 2 கிலோவாட் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். பாலிகார்பனேட் என்றால் இதில் பாதி. 5 டிகிரிக்குப் பதில் 10 டிகிரி வேண்டும் என்று ஆசைப்பட்டால், குளிர் உச்சத்தில் ஒன்றரை மடங்கு சூடு. ஆனால் ஹீட்டர் ஓட வேண்டிய இரவுகளும் கூடிவிடுவதால் மாதக் கட்டணம் அதைவிட அதிகமாகத் துள்ளும். கறிவேப்பிலை ஒரே ஒரு தொட்டிதானா? தயவுசெய்து வீட்டுக்குள் சன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள்!

மண்ணெண்ணெய் ஹீட்டரில் ஒரு லிட்டர் எரித்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும், தெரியுமா? நெருப்பிலிருந்து தண்ணீர்! எண்ணெயிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. காலையில் கண்ணாடியெல்லாம் வியர்த்து இலைமேல் சொட்டும், சாம்பல் பூஞ்சை வரும். சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வாயுவும் வரும், தக்காளி இலை சுருண்டுவிடும். 1901-ல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகப் பட்டாணி நாற்றுகள் மட்டும் கோணலாக வளர்வதைக் கவனித்து, விளக்கு வாயுவிலிருந்த எத்திலீன்தான் காரணம் என்று பிடித்தார். எரிபொருள் வைத்தால் கடுங்குளிரிலும் ஒரு சன்னலைச் சற்றே திறந்துதான் வைக்க வேண்டும். மின்சார விசிறி ஹீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றைச் சுழற்றிவிடுவதால் பூஞ்சையும் குறையும். தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள், இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் விடுங்கள். ஈரமும் மின்சாரமும் விளையாட்டல்ல.

குடில் முழுவதையும் ஏன் சூடாக்க வேண்டும்? விதை முளைக்க வேண்டியது தட்டளவு இடத்தில். மூடியுள்ள முளைப்புப் பெட்டியின் அடியில் இருபது வாட் சூட்டுப் பாய் போதும். வேர் கதகதப்பாக இருந்தால் தண்டு கொஞ்சம் குளிரைப் பொறுத்துக்கொள்ளும்.

கறுப்பு வண்ணம் பூசிய 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி மூலையில் வைத்தால், இரவில் அது 10 டிகிரி குளிர்வதற்குள் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை இலவசமாகக் கொடுத்துவிடும்! இன்னொன்று கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது வெளிவிடும் சூடு, அதே தண்ணீர் 80 டிகிரி குளிரும்போது தருவதற்குச் சமம். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பனி இரவில் மரங்களின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறைகிறது, மரம் பிழைக்கிறது!

நெருப்பே இல்லாமல்

சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் ஷோகுவாங் பகுதி விவசாயிகள் 1989 முதல் கரி எரிக்காமலே நடுக்குளிரில் வெள்ளரி எடுக்கிறார்கள். வடக்கே தடித்த மண் சுவர், தெற்கே சாய்ந்த பிளாஸ்டிக், சாயங்காலம் அதன்மேல் சுருளவிழ்த்துப் போர்த்தும் வைக்கோல் பாய். லடாக்கிலும் இதே தத்துவம்தான்: மைனஸ் 25 டிகிரி இரவுகளில், மண் செங்கல் சுவருக்குள் கீரை பச்சையாக நிற்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் தரைக்கு அடியில். 1924-லிருந்தே வெந்நீர் ஊற்றுகளால் குடிலைச் சூடாக்குகிறார்கள், வாழைப்பழம்கூடப் பழுக்கிறது.

நம் மலைகளும் குடில் கண்ணாடிக்குப் பெரிய கடன்பட்டிருக்கின்றன. 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈர மண்ணோடு பாட்டிலில் அடைத்துவைத்தார். பாட்டிலுக்குள் பெரணி முளைத்தது! மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்தையே சுழற்றிப் பிழைக்கும் என்று தெரிந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான் 1860-களில் கொய்னா மரக் கன்றுகள் நீலகிரிக்கு வந்தன. 1876-ல் பிரேசிலிலிருந்து போன சுமார் 70,000 ரப்பர் விதைகளில், கியூ தோட்டத்துச் சூட்டுக் குடில்களில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே வகைப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் அங்கிருந்து கிளைத்தவை.

கடைசியாக, தலைகீழான ஒரு அதிசயம். ஸ்பெயினின் அல்மேரியாவில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் நிலம் பிளாஸ்டிக் குடில்களால் மூடிக்கிடக்கிறது. விண்வெளிப் படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கோடையில் உள்ளே கொதிக்காமல் இருக்க விவசாயிகள் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அவ்வளவு வெள்ளையும் சேர்ந்து வெயிலை வானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. 1983-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள்: சுற்றுவட்டாரம் சூடேறிக்கொண்டிருக்க, குடில்கள் நிறைந்த அந்தப் பகுதி மட்டும் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் குளிர்ந்திருக்கிறது!